மடங்கும் காலும் ஆன்டாப் ஹில் மேசையும்



மும்பையில் சயானிலிருந்து வடாலா பக்கம் போய்வருகிறவர்களுக்கு ஆன்டாப் ஹில் தெரிந்த இடம். அங்கே தபால் நிலையத்துக்கு அருகில், எஸ்.எம். சாலையில், ‘பௌத்திக் சம்பதா பவன்’ என்று ஓர் அரசுக் கட்டிடம் இருக்கிறது. காப்புரிமை, வடிவமைப்பு, வணிகச் சின்னம் மூன்றுக்குமான தலைமைக் கட்டுப்பாட்டாளரின் அலுவலகம் அது. காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகம் கொல்கத்தாவில். கிளைகள் சென்னையிலும் டெல்லியிலும் மும்பையிலும். ஆனால் துறைத் தலைவர் உட்காருவது மும்பையில், மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில். மகாராஷ்டிரம், குஜராத், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் யார் எதைக் கண்டுபிடித்துக் காப்புரிமை கேட்டாலும் அந்த விண்ணப்பம் மும்பைக் கணக்கில்தான் சேரும்.

தாராவியில் தோல்பை தைப்பவர், செம்பூரில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர், மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் இயந்திரவியல் படிக்கும் மாணவி, மூவருக்கும் இந்தக் கட்டிடம் ஒரு பஸ் தூரம். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் வெகு தூரம். அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைப்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம். அதற்கு ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்வோம்: காரில் குழந்தை இருக்கையைத் தாங்கும் அடித்தளமும், அதன் முன்பக்கத்திலிருந்து மடங்கி நீளும் ஒற்றைக் காலும்.

இத்தனை பொருள்கள் இருக்கையில் இது ஏன்? இரண்டு காரணம். காப்புரிமை ஆய்வில் எழும் முக்கியமான கேள்விகள் எல்லாம் இந்தச் சின்னக் காலில் வந்து நிற்கின்றன. இரண்டாவது, இதில் தவறு நேர்ந்தால் விலை கொடுப்பது ஒரு கைக்குழந்தை.

அந்தக் கால் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ எடையைத் தூக்குகிற வலு வேண்டும். அதுவும் எதிர்பாராத கணத்தில். மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தாயால் அது முடியாது. தகப்பனாலும் முடியாது. மும்பைச் சாலைகளில் இன்றும் முன்னிருக்கையில் மடியில் குழந்தையோடு போகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. அவர்களுடைய பாசத்தில் ஒரு குறையும் இல்லை. கணக்குதான் இடம் கொடுக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் விசையை முதுகு முழுவதும் பரப்பித் தாங்கும் இருக்கைகளைப் பார்த்து, குழந்தையையும் அப்படியே பின்னோக்கி உட்கார வைக்கலாமே என்று யோசித்தார். 1964இல் வால்வோ காரில் அந்த இருக்கையின் முன்மாதிரி சோதிக்கப்பட்டது. கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்து முற்றாதது. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் தலை மட்டும் பாய்ந்து கழுத்தை இழுக்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் இருக்கையின் முதுகு தலை, கழுத்து, உடல் எல்லாவற்றையும் சேர்த்து ஏந்திக்கொள்ளும்.

அடுத்த சிக்கல், இருக்கையைக் காரோடு எப்படிக் கட்டுவது என்பது. பெல்ட்டைச் சுற்றிக் கட்டும்போது பெற்றோர் பலர் தவறாகக் கட்டினார்கள். அதற்கு விடையாக வந்தது ஐசோஃபிக்ஸ். 1999இல் சர்வதேசத் தரமானது. பின்னிருக்கையின் சாய்வும் அமருமிடமும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தால், 6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். இரண்டுக்கும் இடையே 280 மில்லிமீட்டர். அடித்தளத்தின் கொக்கிகள் அவற்றைக் கவ்விக்கொள்ளும். இன்று இந்தியாவில் விற்கும் பல கார்களில் இந்தக் கம்பிகள் இருக்கின்றன. கார் வைத்திருந்தும் அவற்றைத் தொட்டுப் பார்த்திராதவர்கள் ஏராளம்.

ஆனால் இரண்டு கம்பிகளும் கீழே இருக்கின்றன. குழந்தையின் பாரம் மேலே இருக்கிறது. மோதும்போது இருக்கை அந்த இரண்டு புள்ளிகளை அச்சாகக் கொண்டு முன்னால் குப்புறக் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க மூன்றாவது பிடிமானம் வேண்டும். மேலே ஒரு வார் கட்டலாம். அல்லது முன்னால் ஒரு காலை ஊன்றி, கவிழும் விசையைக் காரின் தரைக்கு இறக்கிவிடலாம். 2013இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதி, குழந்தை 15 மாதம் வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்றது. அதோடு வந்த ‘ஐ-சைஸ்’ முத்திரையைப் பெறும் காரின் தரை இப்படிப்பட்ட காலின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதும் விதியாயிற்று. தரைக்கு அடியில் சாமான் பெட்டி உள்ள கார்களில் காலை அதன் மூடிமேல் ஊன்றக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூடி உடைந்தால் கால் இருந்தும் இல்லாததுதான்.

இந்தியச் சட்டம் தாமதமாகத்தான் விழித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று அகமதாபாத்திலிருந்து மும்பை திரும்பும் வழியில், பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் மோதி, அவர் உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அதன் பிறகுதான் மும்பைப் போக்குவரத்துப் போலீஸ் அந்த ஆண்டு நவம்பரிலிருந்து காரில் எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம் என்று அறிவித்தது. கார்களை மோதிப் பார்த்து மதிப்பிடும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் தனியாக 49 மதிப்பெண். பாதை திறந்துவிட்டது, நடப்பவர்கள்தான் குறைவு.

இனி அந்தக் காலுக்கு வருவோம்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். வெளிக்குழாயில் வரிசையாகத் துளைகள். உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு பின். பட்டனை அழுத்தினால் பின் உள்வாங்கும். உள்குழாய் கீழே இறங்கும். பாதம் தரையைத் தொட்டதும் பட்டனை விட்டால், பின் அடுத்த துளையில் ‘டக்’கென்று உட்காரும். பாதத்துக்கு அடியில் ரப்பர். தரையில் நன்றாகப் பதிந்தால் உள்ளே ஒரு கம்பி மேலேறி, மேலே தெரியும் சிவப்புக் குறியைப் பச்சையாக்கும். இதுவரை எளிது. கால் மடங்கவும் வேண்டும் என்னும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. மடங்காவிட்டால் அடித்தளத்தை மாடிக்குத் தூக்கிப் போக முடியாது, டிக்கியில் வைக்க முடியாது, அடைக்கிற அட்டைப்பெட்டி இரட்டிப்பாகும். அதனால் மேல் முனையில் ஒரு கீல். அந்தக் கீல் அம்மாவின் கைக்கு மடங்க வேண்டும். மோதலில் எந்தக் காரணத்தாலும் மடங்கக் கூடாது. விரித்தவர் லாக் விழுந்ததா என்று பார்க்க மறந்தால்? பாதி விழுந்த லாக் விழுந்த மாதிரியே தெரிந்தால்? மடக்கும்போது குழந்தையின் விரல் நடுவில் சிக்கினால்? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு பொறியாளரும் ஒவ்வொரு விடை தருகிறார். அந்த விடைகள்தான் காப்புரிமை விண்ணப்பங்களாக வந்து குவிகின்றன. உலகம் முழுவதும் இவற்றைத் தேடி எடுக்க ஒரு வகைப்பாட்டு எண் உண்டு: பி60என் 2/28. வாகனத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய குழந்தை இருக்கைகள் அதன்கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன.

விளக்கத்துக்காக ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பட்டறைக்காரர் ஒருவர் இப்படிக் கேட்கிறார்: “கொக்கிகள் கொண்ட அடித்தளம், அதன் முன்முனையில் கீல் வழியே பொருத்தப்பட்ட மடங்கும் கால், காலை விரித்த நிலையில் நிறுத்தும் லாக் ஆகியவை உடைய குழந்தை இருக்கைத் தாங்கி.” இதுதான் அவருடைய முதல் உரிமைக்கோரல். பின்னால் 20 பக்கம் விளக்கமும் படங்களும் இருக்கலாம். ஆனால் சட்டம் வேலி போடுவது இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான். வேலிக்கு உள்ளே இருப்பது அவருடையது. வெளியே இருப்பது ஊருடையது.

விண்ணப்பம் 18 மாதத்துக்குப் பிறகு காப்புரிமை இதழில் வெளியாகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரும் அந்த இதழை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். ஆய்வு தானாக நடக்காது. தனியாக மனுப்போட வேண்டும். முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது; 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதமாகக் குறைந்துவிட்டது. கெடு தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். நல்ல யோசனைகள் இப்படிக் கெடுவில் செத்துப்போவது வேதனையான விஷயம்.

மனு வந்ததும் கோப்பு ஓர் ஆய்வாளரின் மேசைக்குப் போகிறது. தாக்கல் மும்பையில் என்றாலும் ஆய்வாளர் வேறு கிளையில் இருக்கலாம். பங்கீடு கணினி வழியாக நடக்கிறது. அவர் முதலில் செய்வது தேடல். உலகின் எந்த மூலையில், எந்த மொழியில், இதே பொருள் முன்பே அச்சேறியிருக்கிறதா? குழந்தை இருக்கையைப் பொறுத்தவரை ஜெர்மன், பிரிட்டிஷ், அமெரிக்க, சீன ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. நம் கற்பனை விண்ணப்பத்துக்கு எதிராக இரண்டு ஆவணங்கள் அகப்படுகின்றன என்று கொள்வோம். ஆய்வாளர்கள் அவற்றை டி1, டி2 என்று குறிப்பார்கள். டி1இல் மடங்கும் காலோடு ஓர் அடித்தளம் இருக்கிறது, லாக் இல்லை. டி2 ஒரு மடக்கு தள்ளுவண்டி. அதில் கீலை நிறுத்தும் லாக் இருக்கிறது.

முதல் கேள்வி, இது புதிதா? டி1இல் லாக் இல்லாததால் அந்த ஓர் ஆவணம் மட்டும் கோரலை முழுமையாக விழுங்கவில்லை. ஆகவே புதிது. இரண்டாவது கேள்விதான் ஆளை மடக்கும். டி1ஐயும் டி2ஐயும் அருகருகே வைத்தால், அந்தத் தொழிலில் தேர்ந்த ஒருவர் தள்ளுவண்டியின் லாக்கைக் கொண்டுவந்து காலில் மாட்டியிருக்க மாட்டாரா? தாராளமாக மாட்டியிருப்பார். அப்படியானால் கண்டுபிடிப்பு எங்கே? காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ கேட்கிறது. அதோடு, தேர்ந்தவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக் கூடாது என்கிறது. 3(எஃப்) பிரிவு இன்னும் நேரடியானது: தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தால், அது கண்டுபிடிப்பே ஆகாது.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளமிட்டது நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரின் அறிக்கை. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போனவர் அவர். 1959இல் அவர் தந்த அறிக்கை, வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் காப்புரிமையைப் பூட்டி வைத்துக்கொண்டு பொருளைச் செய்யாமலே இருக்கும் நிலையை விரிவாக ஆராய்ந்தது. காப்புரிமை கொடுப்பது நாட்டில் தொழில் வளரத்தான் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் ஊறியிருக்கிறது.

பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. மிர்சாபூரில் பாத்திரத் தொழில் செய்யும் ஒரு நிறுவனம், லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறை ஒன்றுக்கு 1951இல் காப்புரிமை கேட்டுப் பெற்றது. பழைய முறையில் பாத்திரம் லேத்தின் சுழலும் முனையான ஹெட் ஸ்டாக்கிலிருந்து நழுவிவிடும். கடைபவருக்கு இடைஞ்சல், வேகமும் குறையும். புதிய முறையில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அழுத்திப் பிடித்தார்கள். அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு நிறுவனம் அதே முறையில் செய்யத் தொடங்க, வழக்கு மூண்டது. தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். அலகாபாத் உயர் நீதிமன்ற அமர்வு அதை மீட்டுக்கொடுத்தது. கடைசியில் 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ரத்து செய்தது. விஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்தத் தீர்ப்பை நீதிபதி சர்க்காரியா எழுதினார். பட்டறையில் அன்றாடம் செய்துகொள்ளும் திருத்தத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவே அது கோடு போட்டது. பழைய கருவியைக் கொஞ்சம் வேறு விதமாகப் பயன்படுத்துவது மட்டும் போதாது. இன்றும் ஆய்வாளரின் அறிக்கைகளில் இந்தத் தீர்ப்பு இடம்பெறுகிறது.

இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். குழந்தைகளுக்கான ஓர் எளிய விளையாட்டுப் பொருள் வென்ற வழக்கும் இருக்கிறது. படச்சுருளைப் பார்க்கும் சிறிய கருவி ஒன்றுக்கு ராஜ் பிரகாஷ் என்பவர் காப்புரிமை வைத்திருந்தார். மற்றவர்கள் சிறுசிறு மாற்றத்தோடு அதையே செய்து விற்றார்கள். 1977இல் டெல்லி உயர் நீதிமன்றம் காப்புரிமை செல்லும் என்றது. முக்கியமில்லாத இடத்தில் செய்த மாற்றம் நகலெடுத்தவரைக் காப்பாற்றாது என்றும் சொன்னது. பொருள் சிறியதா பெரியதா, விலை எட்டணாவா எட்டாயிரமா என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை.

நம் பட்டறைக்காரர் என்ன செய்யலாம்? முதல் ஆய்வு அறிக்கை கையில் வந்ததும் பதில் தர 6 மாதம். கேட்டால் மேலும் 3 மாதம். தன் விளக்கத்தை அவர் மறுபடி படிக்கிறார். அதில் ஒரு விவரத்தைச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: கால் முழுதாக விரிந்து லாக் விழாதவரை, பின்னால் உள்ள ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கம்பியைக் கவ்வாது, குழந்தை இருக்கையை மேலே வைத்ததும் அதன் எடையே லாக்கை இன்னும் இறுக்கும். இதுதான் விஷயம்! காலும் கொக்கியும் இருக்கையும் இங்கே தனித்தனி வேலை செய்யவில்லை; ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றது நடக்கிறது. மறதியால் வரும் ஆபத்தை அமைப்பே தடுக்கிறது. டி1இலும் இது இல்லை, டி2இலும் இல்லை, இரண்டையும் சேர்த்தாலும் வராது. கோரலை இப்படிச் சுருக்கி எழுதினால் 3(எஃப்) தடை விலகும். கண்டுபிடிப்பு என்ற வாதமும் நிற்கும். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டாளர் முன் விசாரணை. இப்போது அது பெரும்பாலும் காணொளியில் நடக்கிறது. தாக்கலின்போது எழுதாத ஒன்றைப் பிறகு புதிதாக நுழைக்க முடியாது என்பதால், முதல் நாளே எல்லா விவரத்தையும் கொட்டி எழுதியவர்தான் பிழைப்பார். தாராவியின் கைவினைஞர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது இது. கை செய்ததை வாய் சொல்வதில்லை. வாய் சொன்னதைப் பேனா எழுதுவதில்லை. அங்கேதான் உரிமை கைநழுவுகிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். விளம்பரங்களில் “காப்புரிமை பெற்ற பாதுகாப்பு” என்று போடுகிறார்கள். காப்புரிமை ஆய்வாளர் எந்த இருக்கையையும் மோதிப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது புதுமை, கண்டுபிடிப்புத் தகுதி, செய்யக்கூடியதா, விளக்கம் போதுமா என்பவை. எஃகு தாங்குமா, பின் முறியுமா, பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்குமா என்பதெல்லாம் அவருடைய வேலை இல்லை. காரில் குழந்தை இருக்கைக்கு இந்தியத் தரம் ஏஐஎஸ்-072. சோதிப்பது புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில். காப்புரிமை இல்லாத இருக்கை உயிர் காக்கலாம். காப்புரிமை பெற்ற இருக்கை சோதனையில் தோற்கலாம். வாங்குகிறவர் தேட வேண்டியது தரச் சான்றை.

அப்படியானால் நம் மக்களுக்குக் காப்புரிமையால் என்ன பயன்? இங்கேதான் இந்தப் பேச்சின் மையம் இருக்கிறது. தாராவியில் பைக்கு வார் தைக்கிறார்கள், பெல்ட் வெட்டுகிறார்கள், பக்கிள் மாட்டுகிறார்கள், பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைத்து மறுபடி மணியாக்குகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் படித்தவர்கள். குழந்தை இருக்கைக்கு வேண்டிய கைத்திறன் பலவும் இந்தச் சந்துகளில் இருக்கிறது. இல்லாதது காப்புரிமை ஆவணம் படிக்கும் பழக்கம்.

அவற்றைப் படித்தால் என்ன லாபம்? காப்புரிமை ஒரு நாட்டின் எல்லைக்குள் மட்டும் செல்லும். ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற ஒருவர் இந்தியாவில் உரிய காலத்தில் விண்ணப்பிக்காவிட்டால், அந்தக் கண்டுபிடிப்பை இந்தியாவில் யாரும் செய்யலாம், விற்கலாம். இந்தியா 1998 டிசம்பர் 7 முதல் சர்வதேசக் காப்புரிமை உடன்படிக்கையில் இருக்கிறது; அதன் வழியாக வருபவர்களுக்கும் 31 மாதம்தான் அவகாசம். காப்புரிமையின் ஆயுள் தாக்கல் நாளிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உரிமை காலாவதியாகும். ஐசோஃபிக்ஸ் தரம் வந்த நாளில் தாக்கலான விண்ணப்பங்களின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றின் படமும் விளக்கமும் பிரசுரமாகி, யாரும் படிக்கக் கிடக்கின்றன. காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தேடுதளம் இலவசம். ஒரு செல்போன் போதும். இதை இவ்வளவு பேர் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருப்பது பெரிய இழப்பு. செய்யத் தொடங்கும் முன் உரிமை உயிரோடு இருக்கிறதா என்று ஒரு காப்புரிமை முகவரிடம் உறுதி செய்துகொண்டால் போதும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பல ஆண்டாகப் பட்டறையில் நடந்துவரும் மடக்குமுறையை ஒருவர் தன் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பித்தால், இதழில் வெளியானதும் யார் வேண்டுமானாலும் 25(1) பிரிவின்கீழ் எதிர்ப்பு மனு போடலாம். ‘இது இந்தியாவில் முன்பே பொதுவில் புழங்கியது’ என்பது சட்டம் ஏற்கும் காரணம். ஆனால் வாய்வார்த்தை நிற்காது. தேதி போட்ட பில், போட்டோ, ஆர்டர் கடிதம் வேண்டும். பழைய பில் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

செலவு பயமுறுத்துகிற அளவில் இல்லை. தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறுதொழில் என்றால் இணையவழித் தாக்கலுக்கு 1,600 ரூபாய். ஆய்வு மனுவுக்கு 4,000 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு முறையே 8,000, 20,000. உரிமைக்கோரல் 10ஐயோ பக்கம் 30ஐயோ தாண்டினால் கூடுதல் கட்டணம். ஸ்டார்ட்-அப், சிறுதொழில், விண்ணப்பதாரர்களில் ஒரு பெண் இருக்கும் தனிநபர்கள் எனச் சில பிரிவினருக்கு 8,000 ரூபாயில் விரைவு ஆய்வு உண்டு. யோசனை முழுமை பெறவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்கலாம். தோற்றத்தை மட்டும் காக்க வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் தருகிறது. 2023 மார்ச் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஒரு லட்சத்துக்கும் மேல் காப்புரிமை வழங்கியது. அந்த வரிசையில் நம் சந்துகளின் பெயரும் வர வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று பாக்கி. செய்து முடித்த சந்தோஷத்தில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள், கண்காட்சியில் வைக்கிறார்கள், நாலு பேருக்கு விற்றும்விடுகிறார்கள். பிறகு விண்ணப்பித்தால், அந்த வீடியோவே அவருக்கு எதிரான டி1 ஆகிவிடும். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, இந்தியச் சட்டத்தில் மன்னிப்பு இல்லை.

ஆகவே, கூடியிருக்கும் பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் வேண்டுகோள் இதுதான். காரில் குழந்தையை மடியில் வைக்காதீர்கள். இன்றிரவே பின்னிருக்கை இடுக்கில் அந்த இரண்டு கம்பிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டறையில் புதிதாக ஒன்று செய்தால் முதலில் விண்ணப்பமாக எழுதுங்கள், பிறகு வெளியில் காட்டுங்கள். அது குழந்தை உட்காரும் பொருளாக இருந்தால், காப்புரிமை வந்தாலும் வராவிட்டாலும், தரச் சோதனையில் தேறிய பிறகே கடைக்கு அனுப்புங்கள்.